கியோட்டோ இலக்குகளும் 1990 என்ற அடிப்படை ஆண்டும்

ஒவ்வொரு நாடும் தன் பசுங்குடில் வாயு உமிழ்வை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் எண்களாக முதலில் வகுத்தது, 1997 டிசம்பர் 11 அன்று ஜப்பானில் ஏற்கப்பட்ட கியோட்டோ நெறிமுறை ஆகும். இந்த எண்கள் அறிவியல் கணக்கிலிருந்து பிறந்தவை என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அவை பேரத்தில் பிறந்தவை.

1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, வளர்ந்த நாடுகள் தம் உமிழ்வை 1990 அளவுக்குக் கொண்டுவர முயல வேண்டும் என்று மட்டுமே கூறியது. அது போதாது என்று 1995-இல் பெர்லினில் கூடிய நாடுகள் ஒப்புக்கொண்டன. புதிய கடமைகள் வளர்ந்த நாடுகளுக்கு மட்டுமே என்றும் முடிவாயிற்று. தொழிற்புரட்சி தொட்டுக் காற்றில் சேர்ந்த கரியில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதே இதற்கு அடிப்படை. அமெரிக்க செனட் இதை ஏற்கவில்லை. வளரும் நாடுகளுக்கும் கடமை விதிக்காத ஒப்பந்தத்தில் அமெரிக்கா சேரக்கூடாது என்று 1997 ஜூலையில் 95-0 என்ற வாக்கில் தீர்மானித்தது.

கியோட்டோவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 15 விழுக்காடு குறைப்பு என்ற முன்மொழிவுடன் வந்தது. அமெரிக்கா 1990 அளவிலேயே நிறுத்தினால் போதும் என்றது. அர்ஜென்டினாவின் ராவுல் எஸ்ட்ராடா தலைமையில் நடந்த பேச்சு, குறித்த நாளைத் தாண்டி மறுநாள் வரை நீண்டது. இறுதியில் ஐரோப்பாவுக்கு 8, அமெரிக்காவுக்கு 7, ஜப்பானுக்கும் கனடாவுக்கும் 6 விழுக்காடு குறைப்பு என முடிந்தது. ரஷ்யா இருந்த அளவிலேயே இருக்கலாம். ஆஸ்திரேலியா 8, ஐஸ்லாந்து 10 விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். 2008 முதல் 2012 வரையிலான காலத்தில் எட்ட வேண்டிய மொத்தக் குறைப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு.

இந்த எண்களைவிட, அவை எந்த ஆண்டிலிருந்து அளக்கப்பட்டன என்பதே முக்கியமானது. 1990-இல்தான் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. அதன்பின் கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆலைகள் மூடப்பட, உமிழ்வு தானே இறங்கியது. பிரிட்டனில் நிலக்கரிக்குப் பதிலாக எரிவாயுவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்தனர். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் ரஷ்யத் தொழில்கள் படுத்துவிட்டன. ஆகவே ரஷ்யாவின் இலக்கு, கையெழுத்திடும்போதே எட்டப்பட்ட இலக்கு. மிச்சத்தைப் பிற நாடுகளுக்கு விற்கவும் நெறிமுறை வழி விட்டது. ஆஸ்திரேலியா இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டியது. 1990-இல் அங்கு காடழிப்பால் எழுந்த உமிழ்வு மிகுதி. அதையும் அடிப்படைக் கணக்கில் சேர்க்கும் விதியைக் கடைசி நேரத்தில் பெற்றுக்கொண்டது. பிறகு காடழிப்பு குறையவே, நிலக்கரி மின்நிலையங்களைத் தொடாமலே இலக்கை நெருங்க முடிந்தது.

2001-இல் புஷ் அரசு விலகியதால் நெறிமுறையின் உயிர் ரஷ்யாவின் கையில் சிக்கியது. வளர்ந்த நாடுகளின் 1990 கரியமில வாயு உமிழ்வில் 55 விழுக்காட்டுக்குரிய நாடுகள் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பது விதி. 2004-இல் ரஷ்யா ஏற்க, 2005 பிப்ரவரி 16 அன்று நடைமுறைக்கு வந்தது. உமிழ்வு குறையாமல் ஏறிவிட்ட கனடா, 2011-இல் விலகுவதாக அறிவித்தது. சட்டக் கட்டுப்பாடு என்பதன் வலிமை அவ்வளவுதான்.

2015 பாரிஸ் ஒப்பந்தம் பேரத்தைக் கைவிட்டு, அவரவர் இலக்கை அவரவரே அறிவிக்கச் செய்தது. அதனால் அடிப்படை ஆண்டும் அவரவர் விருப்பமாயிற்று. ஐரோப்பா 1990-ஐ வைத்துக்கொண்டது. அமெரிக்கா 2005-ஐ எடுத்தது. இந்தியாவும் 2005-ஐயே எடுத்தது. ஆனால் மொத்த உமிழ்வை அல்ல, உள்நாட்டு உற்பத்தியின் ஓர் அலகுக்கு எழும் உமிழ்வை 2030-க்குள் 33 முதல் 35 விழுக்காடு குறைப்பதாகக் கூறியது. ஜப்பான் தேர்ந்தது 2013-ஐ: புகுஷிமா விபத்துக்குப்பின் அணு உலைகள் நிறுத்தப்பட்டு, அதன் உமிழ்வு உச்சத்தில் இருந்த ஆண்டு.