மேக்கொங் ஆறு: செயற்கைக்கோள் கண்காணிப்பு

சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகள் பகிரும் மேக்கொங் ஆற்றின் அணைகளையும் நீர்வரத்தையும் விண்ணிலிருந்து அளக்கும் முறை. 1995இல் அமைந்த மேக்கொங் ஆற்று ஆணையத்தில் கீழ்ப்பகுதியின் நான்கு நாடுகளே உறுப்பினர்கள். சீனா 2002 முதல் வெள்ளக்காலத் தரவை மட்டும் தந்துவந்தது. அந்த இடைவெளியை நிரப்பவே, வாஷிங்டனின் ஸ்டிம்சன் மையம் 2020 டிசம்பரில் மேக்கொங் அணைக் கண்காணிப்புத் தளத்தைத் தொடங்கியது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படம் மேகத்தையும் இருளையும் ஊடுருவி நீர்த்தேக்கத்தின் கரைக்கோட்டைக் காட்டும். அதை நில உயர வரைபடத்தோடு பொருத்தினால் நீர்மட்டமும், அதிலிருந்து கொள்ளளவும் கிடைக்கும். மதகு எப்போது திறக்கும் என்பதைப் படம் சொல்லாது. அதற்கு அணையை இயக்குபவரின் முன்னறிவிப்பு வேண்டும்.

இதில் மலேசியாவின் பினாங்குக்கும் தொடர்புண்டு. பாயான் லெப்பாஸின் பத்து மாவுங்கில் தலைமையகம் கொண்ட வேர்ல்ட்ஃபிஷ் ஆய்வு நிறுவனம், கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி மீன்வளத்தை ஆராய்ந்துவருகிறது. மழைக்காலத்தில் மேக்கொங் வெள்ளம் பின்னோக்கிப் பாய்ந்து ஏரியை நிறைத்தால்தான் அங்கே மீன் பெருகும். ஆகவே ஆற்றின் மேல்பகுதி அணைகளின் நீர் இருப்பு, மீனவர் குடும்பங்களின் உணவுக் கணக்கு; அதை அறிவது அவர்களின் உரிமை. வெள்ளக்காலத் தரவை மட்டும் தந்துவந்த சீனாவும், ஆண்டு முழுவதும் நீரியல் தரவைத் தர 2020இல் ஒப்புக்கொண்டது.