முத்துக்குளிப்பும் விளையாட்டு வரலாறும்: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: முத்துக்குளிப்பு, மூச்சடக்கல், விளையாட்டு வரலாறு, கொற்கை, தூத்துக்குடி, பரதவர்.

முன்னுரை

தமிழர் விளையாட்டு மரபு பற்றிய ஆய்வுகள் ஏறுதழுவுதல், சடுகுடு, சிலம்பம் முதலியவற்றை விரிவாகப் பேசுகின்றன. நீரடியில் மூச்சடக்கிச் செய்யும் செயல்களோ பெரும்பாலும் தொழில் என்னும் தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றன. தூத்துக்குடிக் கடற்கரையின் முத்துக்குளிப்புக்கு விளையாட்டு வரலாற்றில் உரிய இடம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியம் காட்டும் மூழ்குதல்

உவகை தோன்றும் களங்கள் நான்கனுள் விளையாட்டும் ஒன்று என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் கருத்து. புறநானூற்றின் 243ஆம் பாடலில், தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை நினைந்து இரங்குகிறார். மருத மரக்கிளையில் ஏறி, கரையிலிருந்தோர் வியக்க ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்த இளமை அது. அம்மணலால் பயன் ஏதுமில்லை. அடியைத் தொட்டமைக்கு அது சான்று, அவ்வளவே. ஆற்று மடுவில் விளையாட்டாக நிகழ்ந்த இச்செயல், கொற்கைக் கடலில் சிப்பிக்காக நிகழ்ந்தபோது தொழிலாயிற்று.

தொழில்நுட்பமும் உடல்திறனும்

தூத்துக்குடிக்கு அப்பால், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் முத்துச்சிப்பிப் பார்கள் அமைந்துள்ளன. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால்பதித்து விரைந்து இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட அளவில் சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்னும் செய்தி தமிழ்நாட்டில் பரவலாக வழங்குகிறது. மூச்சைக் காத்தல், கல்லின் எடையால் இறங்குதல், துணைவரை நம்புதல் ஆகிய மூன்றும் இன்றைய மூச்சடக்கு மூழ்குப் போட்டிகளிலும் காணப்படுபவை. அப்போட்டி மரபின் தொடக்கமாக, 1949இல் இத்தாலியின் காப்ரித் தீவருகே ரைமண்டோ புக்கர் பந்தயம் கட்டி 30 மீட்டர் மூழ்கியது குறிப்பிடப்படுகிறது. ஒப்பிடத்தக்க ஆழங்களில் மன்னார் வளைகுடாக் குளிப்பவர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பணியாற்றினர்.

கட்டாயமும் விருப்பமும்

ஆயினும், முத்துக்குளிப்பை விளையாட்டு என்று எளிதில் கொண்டாடிவிடல் பொருந்தாது. கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் இத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல் கூறுகிறது. பிற்காலத்தில் போர்ச்சுகீசியர், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின; முத்து வருவாயில் ஆட்சியாளர் பங்கு கொள்ளும் முறை நீடித்தது. சுறாவைக் கட்டுவதாக நம்பப்பட்ட மந்திரவாதிகளுக்கு இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதை மார்க்கோ போலோ பதிவுசெய்துள்ளார். உயிரச்சம் அத்தொழிலோடு எவ்வளவு பிணைந்திருந்தது என்பதற்கு இப்பங்கே சான்று. ஆகவே செயலின் வடிவம் ஒன்றாயினும், விருப்பமே விளையாட்டையும் உழைப்பையும் பிரிக்கும் எல்லையாகிறது.

மரபுரிமை

தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூழ்கித் தொழில்புரியும் பெண்களின் பண்பாடு 2016இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பஹ்ரைன் முத்துக்குளிப்போரின் இசைமரபு 2021இல் அப்பட்டியலில் சேர்ந்தது. உழைப்பாக இருந்தமை இவற்றின் மதிப்பைக் குறைக்கவில்லை. தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. அப்போது இருபது வயதினராக இருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். சங்குக்குளிப்பு தொடர்கிறதெனினும், குழாய்வழிக் காற்றைப் பயன்படுத்தும் முறை பரவியதால் மூச்சடக்கும் பயிற்சி அருகி வருகிறது.

முடிவுரை

முத்துக்குளிப்பை விளையாட்டு என்பதைவிட, விளையாட்டும் உழைப்பும் பகிர்ந்துகொண்ட உடல்திறன் மரபு என்பதே பொருத்தமாகும். இக்கோணம் விளையாட்டு வரலாற்றின் எல்லையைக் கடலுக்கும் விரிக்கிறது. குளித்தவர், கயிறு பிடித்தவர் ஆகிய இருசாராரின் வாய்மொழி வரலாறும், பயிற்சி முறைகளும், பார்களின் பெயர்களும் உடனே தொகுக்கப்பட வேண்டும். இச்செய்திகளுள் பல ஏட்டில் ஏறாமல் நினைவில் மட்டுமே வாழ்பவை. காலந்தாழ்த்தின் அவற்றை மீட்க வேறு சான்று இராது.