மூச்சுக்குழல் விரிவு நோய்

நுரையீரலின் கிளைக்குழல்கள் சுவர் சிதைந்து, நிரந்தரமாக அகன்றுவிடும் நாட்பட்ட நோய் இது. மருத்துவர்கள் பிராங்கியெக்டேசிஸ் என்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லெனெக், 1819இல் வெளியான தம் நூலில் இதை விவரித்தார். அகன்ற குழலில் சளி தேங்கும். தேங்கிய சளியில் கிருமி பெருகும். அதனால் எழும் அழற்சி சுவரை மேலும் அரிக்கும்.

ஐரோப்பாவில் பலருக்குக் காரணமே தெரிவதில்லை. இந்தியாவில் நிலைமை வேறு. 2019இல் வெளியான இந்தியப் பதிவேட்டின் 2,195 நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குக் காசநோயே மூலம். நிமோனியா, தட்டம்மை, கக்குவான் இருமல் போன்றவை சிறுவயதில் கடுமையாக வந்திருந்தாலும் பின்னாளில் இந்நோய் தோன்றலாம்.

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் கவனிக்க வேண்டியது இந்தக் காசநோய்த் தொடர்புதான். ஆறு மாத டிபி மாத்திரை முடிந்து, கிருமியும் ஒழிந்த பிறகு இருமல் தொடர்ந்தால், "டிபி திரும்பிவிட்டது" என்ற அச்சம் வீட்டைப் பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் தெரியும் பழைய தழும்பு அச்சத்தைக் கூட்டும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லையென்றால், மறுபடி டிபி மருந்தைத் தொடங்கும் முன் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை. பக்கத்து ரத்தக்குழாயைவிடக் காற்றுக்குழல் பருத்திருப்பது அதில் தெளிவாகத் தெரியும்.

காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியைத் தாக்குகிறது. அங்குள்ள சளி தானாகவே கீழே வடிந்துவிடும் என்பதால், சிலருக்குச் சளியே இராது. திடீரென இருமலில் ரத்தம் மட்டும் வரும். கீழ்ப்பகுதி கெட்டவர்களுக்கோ நாள்தோறும் மஞ்சளாகவோ பச்சையாகவோ கோழை கட்டும்.

வடசென்னையில் காசநோயோடு காற்று மாசையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. கரித்தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் மட்டுமே இந்நோயை உண்டாக்குவதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை மாசுக்காற்று மேலும் வாட்டும். அம்மோனியா கதை வேறு: அதிக அளவில் சுவாசித்தால் குழலின் உட்சுவர் வெந்து, பின்னாளில் இந்நோயே வரலாம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் மூச்சுத்திணறியவர்களின் நுரையீரலை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

அகன்ற குழல் பழைய நிலைக்குத் திரும்பாது. சிகிச்சையின் அடித்தளம் தினமும் சளியை வெளியேற்றுவது: மூச்சுப் பயிற்சி, பாதித்த பகுதி மேலே இருக்கும்படி படுத்துச் சளியை வடிப்பது, தேவைப்பட்டால் உப்புநீர் நெபுலைசர். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். சளி கூடி நிறம் மாறினால், சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, வழக்கமாக இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டியிருக்கும். நிறைய ரத்தம் வந்தால் வீட்டில் காத்திருக்காமல் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே போய்விட வேண்டும்.