அடுக்களையில் பிறந்த சால்வை

வரலாறு என்றால் மன்னர் பெயரும் போர்க்களமும் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். அடுப்பங்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதுவார் மிகச் சிலர். பிழைப்பை நாடி வடபுலக் குளிருக்கு வந்து சேர்ந்த நாம், விழா நாள்களில் போற்றி அணியும் காஷ்மீரச் சால்வையின் வரலாறு அத்தகையது.

காஷ்மீரத்தில் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாள் நிலவும் கடுங்குளிரைச் 'சில்லை கலான்' என்பர். அடுத்த இருபது நாள் 'சில்லை குர்து'. இறுதிப் பத்து நாள் 'சில்லை பச்சா'. பெருங்குளிர், சிறுகுளிர், குழந்தைக் குளிர் என நாம் தமிழில் கூறலாம். பனிஹால் மலையில் 1956இல் சுரங்கவழி திறக்கப்படுமுன், பனி மிகுந்தால் கணவாய்ப் பாதை அடைபட்டுவிடும். பள்ளத்தாக்கை நாட்டின் ஏனைய பகுதிகளோடு இணைக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றதோ 2025 ஜூன் திங்களில்தான் என்பதை இத்துறையில் பணிபுரியும் நாம் நன்கறிவோம். ஆதலின், குளிர்காலத்துக்கு வேண்டிய உணவைக் கோடையிலேயே சேர்த்து வைப்பது அந்நாட்டு வழக்கமாயிற்று.

அப்பொறுப்பு பெரிதும் பெண்டிருடையது. சுரைக்காயை நீளக் கீறுவர், கத்தரிக்காயைப் பிளப்பர், தக்காளியையும் டர்னிப் கிழங்கையும் அரிந்து வெயிலில் உலர்த்துவர், மீனையும் உலர்த்துவர். உலர்ந்த காய்கறியை 'ஹோக் ஸ்யூன்' என்பர். நம் வீட்டுச் சுண்டை வற்றலும் மணத்தக்காளி வற்றலும் சுவைக்காகச் சேர்ப்பவை. அவர்கள் வற்றலோ, பனி மூடிய நாளில் உயிர் காப்பது. அடுப்பில் வற்றற்குழம்பு கொதிக்கும். பிரம்புபோற் பின்னிய கூடைக்குள் மண்சட்டி பொருந்திய 'காங்கிரி'யில் தணல் இட்டு, தொளதொளத்த 'பெரன்' அங்கிக்குள் வைத்துக் குளிர் காய்வர். அவ்வடுப்பின் அருகேதான் இராட்டையும் சுழன்றது.

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து வெள்ளாட்டின் மெல்லிய உள்மயிரே 'பஷ்ம்' எனப்படுவது. அதன் பிசுக்கு நீங்குவதற்கு, ஊறவைத்து இடித்த அரிசிமாவை அதனோடு சேர்த்துப் பிசைவர். சோற்றுக்குரிய அரிசியே நூலுக்கும் துணையாயிற்று! 1822-23இல் காஷ்மீரத்தில் தங்கியிருந்த வில்லியம் மூர்கிராப்ட் என்னும் ஆங்கிலேயர் இம்முறையை விரிவாக எழுதியுள்ளார். நூற்கும் பெண்டிர் ஓர் இலட்சம் பேர் என்பது அவர் கணிப்பு. விடியலில் அமர்ந்து, வீட்டு வேலை அழைத்தபோது எழுந்து, மீண்டும் அமர்ந்து இரவு வரை நூற்றனர். விளக்குக்கு எண்ணெய் வாங்க வகையற்றோர் நிலவொளியில் நூற்றனர் என்றும் அவர் குறித்துள்ளார்.

அந்நூலால் பெருமையுற்றவை அரண்மனைகள். 1846ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, குலாப் சிங் ஆங்கில அரசுக்கு ஆண்டுதோறும் ஒரு குதிரையும், 12 ஆடுகளும், மூன்று இணைச் சால்வைகளும் செலுத்த இசைந்தார். நெசவாளரையோ 'தாக் ஷால்' என்னும் வரித்துறை வாட்டியது. 1865 ஏப்ரல் 29ஆம் நாள் சிறிநகரத்து ஜால்தகரில் முறையிடத் திரண்டோர்மீது படை ஏவப்பட்டது. 28 பேர் மாண்டனர் என்பர். 1870இல் மூண்ட பிரான்சு-பிரஷ்யப் போரால் பாரிசுச் சந்தை சரிந்தது. 1877-79 பஞ்சம் எஞ்சியோரையும் வருத்தியது. தறிகாரர் துயரேனும் ஏட்டில் ஏறிற்று. நூற்ற பெண்டிர் பெயரை ஏடுகளில் காண்பது அரிது.

கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்த காஷ்மீரப் பஷ்மீனாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் பொறியில் நூற்ற இழை மலிவாகக் கிடைக்கிறது. பொறியின் இழுப்பைப் பஷ்ம் தாங்குவதற்காக நைலான் கலந்து நூற்று, பின்னர் அமிலத்தில் அதனைக் கரைத்து நீக்குவதும் உண்டு. கை நூற்பின் கூலியோ சொற்பம். ஆகவே பல இல்லங்களில் இராட்டை ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த இராட்டையோடு, பெண்டிர் தம் கையாலேயே ஈட்டிய சிறு வருவாயும் போயிற்று.

நம் காலனிக் குடும்பத்தினர் சால்வை வாங்கும்போது, விலை பேசுமுன், "இது கையால் நூற்றதா? குறியீட்டு முத்திரை உண்டா?" என வினவுதல் நன்று. கைவேலைக்கு விலை கூடுதலே. ஆண்டுக்கொன்று வாங்குவோர் சில ஆண்டுக்கொன்று வாங்கினும் அமையும். வாங்குவோர் கேட்டால் விற்போர் தேடுவர். விற்போர் தேடினால் கூலி உயரும். கூலி உயர்ந்தால் இராட்டை சுழலும். பெயர் அறியாப் பெண்டிர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவே.