நான்கு கன்றுகளிலிருந்து தென்னமரம் தோட்டம் வரை

1848இல் ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவுக்கு நான்கு செம்பனைக் கன்றுகள் வந்து சேர்ந்தன. பூர்வீகம் ஆப்பிரிக்கா. அவற்றின் வாரிசுகளைச் சுமத்ராவின் டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காக நட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் அந்த மரத்திடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்த்தவர் பெல்ஜியத்து அட்ரியன் ஹாலே. காங்கோவிலேயே செம்பனையை அறிந்திருந்த அவர், டெலி மரத்தின் காய்ப்பைக் கண்டு 1911இல் சுமத்ராவில் அதைத் தோட்டமாகவே போட்டார். அவர் வழியாக விதை மலாயாவின் கோலசிலாங்கூருக்கு வந்தது. வாங்கியவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர்.

இவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இவருடைய ஆசை எழுத்தாளர் ஆவது. எழுத ஓய்வு வேண்டும், ஓய்வுக்குப் பணம் வேண்டும், பணத்துக்குக் கிழக்கே போக வேண்டும் என்று கணக்கிட்டு 1905இல் கப்பலேறினார். கிள்ளானில் ஒரு துரையிடம் வேலை பழகி, மலாயும் தமிழும் கற்று, சிலாங்கூர் ஆற்றங்கரை ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டார். பணம் வந்தது. வந்த பிறகும் எதற்காக வந்தோம் என்பதை அவர் மறக்கவில்லை. என்னை வியக்கவைப்பது இதுதான். 1925இல் துனீசியாவில் குடியேறி எழுதினார். மலாயாத் தோட்ட வாழ்வைச் சொல்லும் அவருடைய ‘மலேசி’ நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் நடுவே கால் நூற்றாண்டு.

விதையின் கதை அதற்குள் வேறு திசையில் போய்விட்டது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் அது வணிக நோக்கில் நடப்பட்டது. மலாயாவிலேயே அதுதான் முதல் வணிக நடவு. 1960களில் ரப்பர் விலை சரியச் சரிய, பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை ஆனது. ஆனால் மகரந்தம் பரப்பும் ஆப்பிரிக்க வண்டு மரத்தோடு வரவில்லை. அந்த வேலையைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் செய்தார்கள்: மரம் மரமாகப் போய், பூ விரியும் நாள் பார்த்து, கையால் தூள் தூவினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை நின்றது.

அந்தப் பெண்களின் முன்னோரும் நோக்கத்தோடுதான் கப்பலேறினார்கள். கடன் அடைக்க வேண்டும், நாலு காசு சேர்க்க வேண்டும், ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும். ஃபோக்கொனியேயின் கணக்கைவிட இது எந்த விதத்திலும் மங்கலானதல்ல. அவருக்கு நிலம் கிடைத்தது; இவர்களுக்குக் கூலியும் லயத்து வீடும் கிடைத்தன. வேலை முடிந்தால் வீடும் போகும். வடசிலாங்கூரில் மேரி, மின்யாக், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகப் போராடிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தங்கள் பெயரில் ஒரு வீடு.