60 எப்படி 87.4 ஆனது?

'தோற்ற பள்ளி' என்று செய்தி வந்தால் நாமும் நம்பிவிடுகிறோம். மதிப்பெண் பொய் சொல்லாதாம்! கோட்டைக் கிழித்தவர் யார் என்று கேட்பதில்லை.

அமெரிக்காவின் லூசியானாவில், தோற்ற பள்ளிகளை மாநில அரசே எடுத்துக்கொள்ள 2003இல் சட்டம் வந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்தபோது தோல்விக்கான கோடு 60 புள்ளி. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்கள் வீடிழந்து ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த நவம்பரில், சட்டமன்றம் அந்தக் கோட்டை மாநிலச் சராசரியான 87.4க்கு உயர்த்தியது. ஒரு பிள்ளையும் புதிதாகத் தேர்வு எழுதவில்லை. ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் 'தோற்று', மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தின் கையைவிட்டுப் போயின. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தனர். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ('தகுதி' என்ற சொல் நமக்கும் பழக்கம்தானே.)

பள்ளிகள் வாரியத்திடம் திரும்ப 2018 ஆனது.