நொண்டும் காரும் 16 பின் சாக்கெட்டும்

போன தீபாவளிக்குப் புனேயிலிருந்து ஊருக்குக் காரில் கிளம்பினோம். கம்பட்கி காட் ஏறும்போது மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி 40-ஐத் தாண்டவில்லை. பின்னால் லாரி ஹாரன், உள்ளே அம்மாவும் குழந்தைகளும். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறார்கள். எஞ்சின் கெட்டுப்போகாமல் இருக்க, காரின் கம்ப்யூட்டரே பவரைக் குறைத்து நொண்ட வைக்கிறது.

வழியில் ஒரு மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். பி0299 என்று வந்தது. "டர்போ போச்சு சார்" என்று இந்தியில் அடித்துச் சொன்னார். தொகையைக் கேட்டதும் நானும் லிம்ப் மோடுக்குப் போய்விட்டேன் :-)

அந்த சாக்கெட் நமக்காக வந்ததல்ல, புகைக்காக வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் கண் எரிய வைத்த புகைமூட்டத்துக்குக் கார்ப் புகையும் காரணம் என்று 1950-களில் காட்டியவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர். 1967-ல் கலிபோர்னியாவில் காற்று வள வாரியம் உருவானது. புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் பழுதானால் காரே விளக்கு போட்டுச் சொல்ல வேண்டும் என்று 1988 மாடல்களிலிருந்து அந்த வாரியம் விதி வைத்தது. ஆனால் கம்பெனிக்கு ஒரு சாக்கெட், ஒரு கோடு. வெளி மெக்கானிக் எத்தனை கருவிதான் வாங்குவார்? 1996 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுக்க ஓபிடி-2 கட்டாயமானது. எல்லாக் காருக்கும் ஒரே 16 பின் சாக்கெட், அடிப்படைக் கோடுகளும் பொது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. நம் ஊரில் பி.எஸ்.4 கார்களுக்கு ஓபிடி-2 வந்தது 2013-ல்.

பொதுக் கோடு என்பதால் அர்த்தத்தை நாமே பார்க்கலாம். பார்த்தேன். பி0299 என்றால் டர்போ தரும் காற்றழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அவ்வளவுதான். ஏன் குறைந்தது என்று அது சொல்லவே இல்லை. எங்கள் பேங்கில் ஆடிட்டர் 'கணக்கு டேலி ஆகவில்லை' என்று எழுதினால் கேஷியர் திருடினார் என்றா அர்த்தம்?

ஊர்ந்தே சதாரா போய் வேறு கடையில் காட்டினேன். அவர் எஞ்சினை ஓட்டியபடியே ஸ்கேனரில் அழுத்த அளவைப் பார்த்தார். பிறகு காற்றுப் பாதையைச் சோதித்தார். டர்போவிலிருந்து போகும் ரப்பர் பைப்பில் விரல் நீளக் கிழிசல்! பைப்பை மட்டும் மாற்றினார், கோடை அழித்தார், வண்டி பழையபடி ஓடியது.

ஒன்று மட்டும். கோடை அழிக்கச் சொல்லும் முன் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுது வந்த நொடியில் வேகம், ஆர்.பி.எம். எவ்வளவு என்று அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும்.